பெட்டியில் 128 ஜிபி, உள்ளே 8 ஜிபி: எம்பி3 பிளேயர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கைக்கு அடக்கமான பாட்டு பிளேயர் ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர்கள், அதிலும் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எலக்ட்ரானிக் பொருட்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை எனக்கு விற்ற பிளேயரின் பெட்டியில் 128 ஜிபி என்று அச்சடித்திருந்தது. கணினியில் செருகினால் 119 ஜிபி என்று காட்டியது. அதில் தப்பில்லை, நல்ல 128 ஜிபி பொருளையும் விண்டோஸ் அப்படித்தான் காட்டும். ஆனால் உள்ளே இருந்த சில்லு உண்மையில் 8 ஜிபிதான் தாங்கும். பார்த்தால் தெரியாது. கடையில் நின்று நாலு பாட்டு போட்டுக் கேட்டாலும் தெரியாது. கணினியே பொய்யை நம்பி அப்படியே நமக்குச் சொல்கிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

வாங்கியது மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் என் பெரியப்பாவுக்காக. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாகசுரம் என்றால் உயிர். வானொலியில் வந்ததையும் கோயில் திருவிழாக்களில் வாசித்ததையும் கேசட்டில் பிடித்துப் பிடித்து அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். நாடா பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் அவர் பையன், எனக்குத் தம்பி முறை, எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டான். 300 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். செல்போனில் கேட்பது அவருக்கு ஒத்துவரவில்லை. ஆலாபனை உச்சத்தில் இருக்கும்போது யாராவது கூப்பிடுகிறார்கள், விரல் பட்டால் திரை எங்கோ போய்விடுகிறது. பட்டன் வைத்த, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் நடக்கப் போகக்கூடிய ஒரு பிளேயர் வேண்டும் என்றார்.

கடையில் நான் கேட்டவை இவைதான்: பட்டன் இருக்க வேண்டும், ஃபோல்டர் வாரியாகப் போய்ப் பாட்டை எடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும், கோப்பின் பெயர் தமிழில் தெரிய வேண்டும். "எல்லாமே இருக்கு சார், எல்லா லாங்குவேஜும் வரும்" என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். பெட்டியில் கம்பெனி பெயர் என்று ஒன்று இருந்தது. தயாரித்தவர் முகவரியோ, இறக்குமதி செய்தவர் பெயரோ, அதிகபட்ச சில்லறை விலையோ எதுவும் இல்லை. ஹைஃபை, லாஸ்லெஸ், 128 ஜிபி என்று மட்டும் பெரிய எழுத்தில். விலை 2,200 ரூபாய். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "பில் போட்டா ரேட் ஏறும் சார்" என்று சொல்லி எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடியில் "செக்கிங் வாரண்டி மட்டும், விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று முத்திரை. யுபிஐயில் பணம் அனுப்பியபோது திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி நபரின் பெயர். இந்த விவரங்கள் எல்லாம் பின்னால் எப்படி வந்து நிற்கும் என்பதைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போனதும் தம்பி எல்லாப் பாட்டையும் அதில் ஏற்றினான். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன, அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றினான். சரி, பாட்டு வந்தால் போதும் என்று பெரியப்பா விட்டுவிட்டார்.

அப்புறம் ஒருநாள் போன் செய்தார். "ஏம்ப்பா, ராஜரத்தினம் பிள்ளை தோடியை வெச்சா காருகுறிச்சியார் வாசிக்கிறாரே, அதுவும் நடுவுலேர்ந்து?" என்றார். இருவரும் பெயர்பெற்ற நாகசுரக் கலைஞர்கள், தோடி ஒரு ராகம். தம்பிதான் பெயர் மாற்றும்போது குழப்பிவிட்டான் என்று அவனைத் திட்டியும் இருக்கிறார். பாவம், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது திரையில் தோடி என்று பெயர் சரியாக இருந்தது, மொத்த நேரமும் சரியாக இருந்தது. அமுக்கினால் முதலில் ஒரு கரகரப்பு, உடனே வேறொரு கச்சேரியின் தனி ஆவர்த்தனம் பாதியிலிருந்து. அடுத்த பாட்டில் நேரம் மட்டும் ஓடுகிறது, சத்தமே இல்லை. அதற்கடுத்தது தொடங்கிய மாத்திரத்தில் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் பட்டியலில் ஒரு பாட்டு குறையவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பது தெரிந்தால்தான் ஏமாறாமல் இருக்க முடியும். ஃபிளாஷ் நினைவகத்தில் தரவைத் தேக்குவது ஒரு சில்லு, அதை நிர்வகிக்க கன்ட்ரோலர் என்று இன்னொரு பகுதி. கணினி "எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கேட்கும்போது பதில் சொல்வது கன்ட்ரோலர். அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, மாற்றி எழுதிவிட்டால் 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 128 என்று பதில் சொல்லும். கணினிக்கு அதைச் சரிபார்க்கும் வழக்கம் கிடையாது. முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். அதைத் தாண்டி எழுதினால், சில பொருட்கள் வருகிற தரவை அப்படியே கைவிட்டுவிடும். சில பொருட்கள் மறுபடி தொடக்கத்துக்குப் போய் ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் தனி இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் அது கலையாது. எம்பி3 கோப்பு சின்னச் சின்னத் துண்டுகளாக இருப்பதால், நடுவில் எங்கே நுழைந்தாலும் அங்கிருந்து பாட ஆரம்பித்துவிடும். தோடியின் இடத்தில் வேறு கச்சேரி கேட்டது இப்படித்தான். கேசட்டின் மேல் லேபிளை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் நாடாவில் வேறு பாட்டைப் பதிந்தது போல.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திருப்பிப் படித்துப் பார்ப்பதுதான். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச நிரல், லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டு நிரல்களுமே, தாங்கள் உருவாக்கிய தரவைக் கொண்ட கோப்புகளால் இடத்தை நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடும். பிளேயரில் இருப்பதை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, காலி செய்து ஓட்டுங்கள். இந்த வகைப் பிளேயர்கள் மெதுவாகத்தான் எழுதும், நொடிக்கு 10 எம்பி போனாலே பெரிது. அந்த வேகத்தில் 128 ஜிபியை எழுதி முடிக்கவே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், திருப்பிப் படிக்கும் நேரம் தனி. நான் ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் முடிவு தெரிந்தது: 7 ஜிபிக்குச் சற்று மேல் சரி, மீதி அத்தனையும் தொலைந்த தரவு.

பிளேயரையும் அந்த முடிவின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் பதில், "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் சார்." இரண்டாவது, "ஃபார்மேட் பண்ணுங்க, சரியாயிடும்." அவரே ஃபார்மேட் செய்து, இரண்டு பாட்டு ஏற்றிப் போட்டுக் காட்டி, "பாருங்க, பாடுதே!" என்றார். இரண்டு பாட்டு பாடத்தான் செய்யும். 8 ஜிபிக்குள் எத்தனை பாட்டு போட்டாலும் பாடும். அங்கேயே முழுச் சோதனையும் ஓட்டலாம், நான் காத்திருக்கிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது. "எஸ்டிமேட்டுக்கெல்லாம் வாரண்டி கிடையாது. வேணும்னா இதே மாடல் வேற பீஸ் தர்றேன்." வேறு பீஸும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். பக்கத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி அதே பிளேயரைக் கையில் வைத்து விலை கேட்டுக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் இருங்கம்மா, இதைப் பாருங்க" என்று என் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். வாங்காமல் போனாள். அந்தத் தெருவில் பல வருடமாக நேர்மையாக வியாபாரம் செய்பவர்களை எனக்குத் தெரியும், தெருவையே குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் இப்படி ஒரு சரக்கு பெட்டி பெட்டியாக அங்கே விற்கிறது என்பது உண்மை.

அதே கடையில் "சீல் பிரிக்காத புது ஐபாட்" என்றும் ஒன்று காட்டினார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் ஐபாட் கிளாசிக்கை 2014-இலேயே நிறுத்திவிட்டது, கடைசியாக மிஞ்சியிருந்த ஐபாட் டச்சையும் 2022 மே மாதம் நிறுத்தியது. இன்று பளபளவென்று புதிதாக வருவது பெரும்பாலும் பழைய கருவிக்குப் புது உறை, புது பேட்டரி போட்டதுதான். பழுது பார்த்தது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். புதிது என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

இனி பிளேயர் தேர்ந்தெடுப்பது பற்றி. முதலில் உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட் தரவு) எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. 320 என்றால் 2.4 எம்பி. பெரியப்பாவின் பதிவுகள் 192-இல் இருப்பவை, மணிக்கு 86 எம்பி. 300 மணி நேரமும் 26 ஜிபிக்குள் அடங்கிவிடும். அவருக்கு 128 தேவையே இல்லை, ஒரு 32 ஜிபி மெமரி கார்டு போதும். கேசட்டிலிருந்து எடுத்த பதிவுக்கு ஹைரெஸ், 24 பிட் என்று எந்த வார்த்தையும் ஒன்றும் செய்யாது, அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

உள்நினைவகத்தை நம்பி வாங்காமல், கார்டு போடும் வசதியுள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் பிளேயரை வாங்குவதே நல்லது. சோனி, ஃபியோ, ஹைபி, ஷான்லிங் போன்றவர்களின் பல பிளேயர்களில் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். விலை கூடத்தான். கார்டைத் தனியாக, பில்லோடு வாங்குங்கள். கார்டிலும் இதே போலிக் கொள்ளளவு மோசடி உண்டு, அதனால் பாட்டு ஏற்றும் முன் கார்டையும் அதே நிரலில் ஓட்டிப் பாருங்கள். இன்னொரு விஷயம், 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும், பல மலிவுப் பிளேயர்கள் ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும். பிளேயர் எந்த அளவு கார்டு வரை ஏற்கும் என்று பெட்டியில் பார்த்துவிடுங்கள்.

தமிழ் தெரியுமா என்று வாயால் கேட்காதீர்கள். "கொ", "பௌ", "ஸ்ரீ" எல்லாம் வருகிற மாதிரி பெயர் வைத்த ஒரு பாட்டை கார்டில் போட்டு எடுத்துப் போய், திரையில் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நின்றால் அது தமிழ் தெரிந்த பிளேயர் இல்லை. ஒரு மணி நேரக் கச்சேரி ஒன்றையும் போட்டு, நடுவில் அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். ராகம் தானம் பல்லவி கேட்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிற பிளேயர் பயன்படாது.

பில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் எழுதியிராவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று முத்திரை குத்திவிட்டால் இந்தப் பொறுப்பு போய்விடாது. பில்லில் மாடல் பெயரும் கொள்ளளவும் எழுதச் சொல்லுங்கள். 128 ஜிபி என்று கையால் எழுதித் தர ஒரு கடைக்காரர் தயங்கினால் உடனே வெளியே வந்துவிடலாம்.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள், கடைக்குத் தகவல் அனுப்பினார்கள். அவர்களால் சமரசம்தான் பேச முடியும், உத்தரவு போட முடியாது. கடையிலிருந்து பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியாக மனு போட்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் ஒழுங்கான பில் இல்லை என்பதுதான் கடைக்காரர் பிடித்துத் தொங்கும் இடம். யுபிஐ ரசீதில் வேறு ஒருவர் பெயர் இருப்பதால், அந்தச் சீட்டு, கடையின் பலகை, கியூஆர் அட்டை மூன்றையும் சேர்த்துப் படமாக வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

இதே மாதிரிப் பிளேயரை ஏற்கெனவே வாங்கியவர்கள், மூலப் பதிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இனி அதில் ஒரு கோப்பைக்கூடப் புதிதாக ஏற்றாதீர்கள், இருப்பதில் எது பாடுகிறதோ அதை இன்றைக்கே கணினிக்கு எடுத்துவிடுங்கள். சோதனை ஓடி முடியும்போது திரையையும் பிளேயரையும் ஒரே ஃபிரேமில் வைத்து வீடியோ எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். "வெச்சுட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்" என்று கடையில் சொன்னால், கையெழுத்தும் தேதியும் போட்ட சீட்டு வாங்காமல் பிளேயரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.