டர்பனில் பழைய போன்வில் வாங்குவதானால் 1969, 1970 மாடல்

ட்ரையம்ஃப் போன்வில் டி120 (T120) மோட்டார்சைக்கிள் வேண்டும் என்று சாட்ஸ்வொர்த்திலோ டோங்காட்டிலோ தேடுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: 1969, 1970 மாடல்களை விட்டு வேறு பக்கம் போகாதீர்கள்.

1959-இல் இங்கிலாந்தின் மெரிடனில் பிறந்த 649 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி இது. முதலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி. 1963-இல் இரண்டும் ஒரே கூட்டுக்குள் வந்தன. 1968-இல் முன்சக்கரத்துக்கு 8 அங்குல ட்வின் லீடிங் ஷூ பிரேக் (இரண்டு ஷூவும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கும் டிரம் பிரேக்) கிடைத்தது. க்ளூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கும்போது அதன் அருமை தெரியும். மறு ஆண்டே மால்கம் அப்ஹில் ஐல் ஆஃப் மேன் புரொடக்‌ஷன் டிடி பந்தயத்தில் ஒரு சுற்றில் மணிக்கு 100 மைல் சராசரி வேகத்தை இதே டி120-இல் தாண்டினார். 1971-இல் ஃப்ரேமுக்குள்ளேயே ஆயில் ஊற்றும் அமைப்பு வந்து சீட் உயர்ந்துவிட்டது. உயரம் குறைந்தவர்களுக்குக் கால் ஊன்றுவது சிரமம். (டர்பன்-ஜோஹன்னஸ்பர்க் பழைய மோட்டார்சைக்கிள் ஓட்டமான டிஜே ரன்னில் ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது 1936 வரை செய்த வண்டிகளுக்கானது.)

பணம் கொடுக்குமுன் இடப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே எஞ்சின் நம்பரைப் பாருங்கள். 1969 முதல் அந்த இடத்தில் பொடிப்பொடியாக ட்ரையம்ஃப் முத்திரைகள் பதித்திருக்கும். அவை ராவப்பட்டு வழவழப்பாக இருந்தால் நம்பரை மாற்றியிருக்கிறார்கள். வரிசை எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளில் இரண்டாவது D என்றால் 1970 மாடல். ஃப்ரேமின் கழுத்தில் உள்ள நம்பரும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் மாற்றும்போது அலைய வேண்டியிருக்கும்.

எஞ்சினின் உண்மையான எமன் ஸ்லட்ஜ் ட்ராப். ஆயிலை வடிகட்ட வலை மட்டுமே இருப்பதால், கிராங்க் சுழலும் வேகத்தில் அழுக்கெல்லாம் கிராங்க் தண்டுக்குள் இருக்கும் இந்தக் குழாயில் படிந்து கெட்டியாகிறது. துளை அடைத்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்) ஆயில் போகாது. சுத்தம் செய்ய எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். அந்த வேலை செய்த ரசீது இல்லையென்றால், செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ஓடவிட்டு ஆயில் டேங்க் மூடியைத் திறந்தால் திரும்பும் குழாயில் ஆயில் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். காற்றுக் குமிழி கலந்து வருவது சகஜம். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் பம்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். கிளப்புமுன் கிராங்க்கேஸை வடித்துவிட்டால் புகை வராது.

டேப்பட் (வால்வு) இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில்: இன்லெட் 0.002 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.004. இக்னிஷன் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். இரண்டு ஆமல் கார்புரேட்டர்களின் ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தேய்ந்திருந்தால் ஐடில் நிற்காது. பேட்டரியில் பாஸிட்டிவ்தான் எர்த், மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் போய்விடும். மெட்ரிக் ஸ்பேனர் போட்டு நட்டின் முனைகளை மழுக்காதீர்கள். டேப்பட் மூடிகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் கழன்று ரோட்டில் விழுந்துவிடும்.