வினிகர் வாடையைப் போக்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் பிலிம் ரீல்களைக் கொடுக்காதீர்கள்

பழைய பிலிம் பிரிண்ட்டுகளை வைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். எங்கள் திரைப்படக் கழகத்தில் இருந்த 16 மி.மீ. ரீல்களில் சிலவற்றில் புளிச்ச வாடை வர ஆரம்பித்திருந்தது. பழைய பிலிம் சிதைந்து இப்படிப் புளிப்பதை வினிகர் சிண்ட்ரோம் என்பார்கள். "வினிகர் சிண்ட்ரோமை முழுசாகக் குணப்படுத்துவோம், ஆயுளுக்கும் கெடாது" என்று பிலிம்களைப் பராமரித்துத் தரும் ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. நம்பி ஒப்படைத்தோம். பெரிய தொகை போனது, அதைக்கூட எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். ஆனால் அவற்றில் பாதி, எங்கள் மூத்த உறுப்பினர்களே ரிவர்சல் பிலிமில் எடுத்த குறும்படங்கள். கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் திரையிலும் ஓடும்; நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது.

திரும்பி வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வாடை இல்லை, பிலிம் பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு ரீலையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகர டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள். "திறக்கக் கூடாது, திறந்தால் உத்தரவாதம் செல்லாது" என்று மேலே ஒரு சீட்டு. அந்தச் சீட்டு எதற்கு என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு திரையிடலுக்காக டப்பாவைத் திறந்தபோது கண் எரிகிற அளவுக்கு நெடி. பிலிமின் ஓரங்கள் அலை அலையாக நெளிந்திருந்தன, உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சில இடங்களில் படம் பதிந்த எமல்ஷன் அடுக்கே பெயர்ந்து வந்தது. கொடுக்கும்போது எந்த வாடையும் இல்லாமல் இருந்த ரீல்களிலும் புளிப்பு ஏறியிருந்தது. கெட்டதையும் நல்லதையும் ஒரே பெட்டியில் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால் அவர்கள் பேச்சில் எது பொய் என்று உங்களுக்கே விளங்கும். எங்கள் ரீல்கள் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அசிட்டேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான், அதனால்தான் அந்த வாடை. வெளிவந்த அமிலமே மிச்சமிருக்கும் பிலிமின் சிதைவை வேகப்படுத்துகிறது. ஒரு கட்டம் தாண்டிவிட்டால் அது தன்னைத் தானே தூண்டிக்கொண்டு ஓடும். உடைந்துபோன மூலக்கூறுகளை மறுபடி சேர்க்கிற மருந்து எதுவும் இல்லை. வேகத்தைக் குறைக்கலாம், நகல் எடுத்து வைக்கலாம். அவ்வளவுதான். வாடை தெரிகிற ரீலை, அமிலத்தை உறிஞ்சும் பொருள் எதுவும் வைக்காமல் காற்றுப் புகாத உறையில் சாதாரண அறை வெப்பத்தில் அடைத்தால், அமிலம் வெளியேற வழியில்லாமல் பிலிமையே தின்னும். துருப்பிடிக்கிற தகர டப்பா அதற்கு இன்னும் துணைபோகும்.

அந்தப் பளபளப்பின் கதையும் கேளுங்கள். பிலிம் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் ரீல்களைக் காட்டினோம். கரைப்பான் ஆவியில் வைத்துப் பிலிமை ஊதவைத்திருக்கிறார்கள் என்றார். சுருங்கிப்போன பிலிமை ஒரே ஒரு தடவை இயந்திரத்தில் ஓட்டி நகல் எடுப்பதற்காக, வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை அது. கொஞ்ச நாளில் பழையபடி சுருங்கும், பல சமயம் முன்பைவிட மோசமாக. நகல் எடுக்காமல் அதை மட்டும் செய்து அனுப்பியதற்கு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

சிவந்துபோன கலர் பிரிண்ட்டுகளுக்கு "வண்ணத்தையும் ரசாயனத்தாலேயே மீட்போம்" என்றார்கள். அதுவும் நடக்காத காரியம். இருட்டில் வைத்திருந்தாலும் பழைய கலர் பிரிண்ட்டுகளில் சியான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கும், அதனால்தான் படம் சிவப்பாகத் தெரிகிறது. மங்கிய சாயம் திரும்பாது. ஸ்கேன் செய்து டிஜிட்டலில் திருத்துவது மட்டுமே சாத்தியம்.

கேட்கப் போனபோது, "உங்கள் பிலிம் ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருந்தது" என்று கைவிரித்துவிட்டார்கள். வாங்கும்போது எந்த அளவும் எடுத்து எழுதவில்லை, அதனால் மறுக்க எங்களிடம் காகிதம் இல்லை. ஆகவே யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒவ்வொரு ரீலின் அமில அளவையும் சுருக்க அளவையும் எழுதி வாங்குங்கள். அமிலத்தை அளக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சிறு காகிதத் துண்டு இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் உருவாக்கியது. டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் போதும். நீலமாகவே இருந்தால் பிலிம் நலம், பச்சைக்குப் போனால் ஆபத்து, மஞ்சள் என்றால் உடனே நகல் எடுக்க வேண்டும். துண்டின் நிறத்தை 0 முதல் 3 வரை எண்ணால் குறிப்பார்கள்; அதில் 1.5-ஐத் தொட்டாலே சிதைவு வேகமெடுக்கும் கட்டம். இந்தத் துண்டைப் பற்றிக் கேட்டு விழிக்கிறவரிடம் ரீலைக் கொடுக்காதீர்கள். சுருக்கம் 1 சதவீதத்தைத் தாண்டிய பிலிமைப் புரொஜெக்டரிலும் ஏற்றாதீர்கள், பிலிமின் ஓரத் துளைகள் கிழிந்துவிடும்.

35 மி.மீ. ரீல் இருந்தாலும் அனுப்புங்கள் என்றார்கள், அது நைட்ரேட்டா, அதாவது எளிதில் தீப்பற்றும் பழைய வகை பிலிமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. பிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதைக் கேட்காமல் வாங்குகிறவர் உங்கள் படத்தோடு மற்றவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

உண்மையில் பிலிமைக் காப்பது குளிர்ச்சியும் வறட்சியும்தான். 21 டிகிரி செல்சியஸும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் புது அசிட்டேட் பிலிமே சுமார் 40 ஆண்டுகளில் புளிக்கத் தொடங்கிவிடும் என்பது இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. வெப்பத்தை 5 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கினால் அது நூற்றாண்டுக் கணக்காக நீளும். எனவே சேமிப்பு அறைக்குப் பணம் கேட்கிறவரிடம் வெப்பநிலை, ஈரப்பதப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காந்த ஒலித்தடம் உள்ள ரீல்களைத் தனியாக வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தத் தடத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு சிதைவைத் தூண்டும்.

இப்படி அடைத்துக் கொடுத்த டப்பாக்கள் உங்கள் அலமாரியில் இப்போது இருந்தால், உத்தரவாதச் சீட்டைப் பொருட்படுத்தாமல் டேப்பைப் பிரியுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு திறங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகளை இழுத்துப் பிரிக்க வேண்டாம். புளித்தவற்றை நல்லவற்றிலிருந்து பிரித்து, காற்றுத் துளையுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவில் படுக்கவைத்து, வேறு பிரதி இல்லாத படங்களை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.