டெரெய்லரின் பெயரைப் பார்த்து கியர் சைக்கிள் வாங்காதீர்கள்

அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு சைக்கிள்களின் படத்தை அனுப்பியிருந்தார். ஒன்று ஷிமானோ கம்பெனியின் மலிவான டூர்னி கியர், 3x7, அதாவது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. இன்னொன்று அதற்கு மேல்படியான ஆல்டஸ், 3x8. "நீங்கதான் வருஷக்கணக்கா டூர்னி ஓட்டுறீங்களே, அவ்வளவு காசு கூடக் கொடுக்கிறது வீண்தானே?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது.

என் சைக்கிள் நிற்பது திருவான்மியூரில், உப்புக்காற்று நேராக வந்து அடிக்கிற இடம். பின்னால் டூர்னி டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி), 14-28 ஃப்ரீவீல், அதாவது சக்கரத்தில் திருகி மாட்டும், 14 முதல் 28 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு. முன்னால் 48/38/28 பல். கைப்பிடியில் பிரேக் லிவரும் கியர் லிவரும் ஒரே துண்டாக வருகிற ஈஸிஃபயர் ஷிஃப்டர். மச்சானுடையது ஆல்டஸ், 11-32 கேசட் (திருகாமல் செருகி மாட்டும் பல்சக்கர அடுக்கு). ஈசிஆரில் கோவளம் வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டூர்னி டெரெய்லரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை மழைக்கும் உப்புக்கும் அது இன்னும் அப்படியே இருக்கிறது. டெரெய்லர் என்பது சில ஸ்பிரிங், சில கீல், சில ஸ்க்ரூ, அவ்வளவுதான். கேபிள் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு நகரும். தப்பு நடப்பதெல்லாம் அதற்கு முன்னால், ஷிஃப்டரிலும் கேபிளிலும். அங்கேதான் கம்பெனிக்காரர்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், ஏனென்றால் கடையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் 5-லிருந்து 6-க்குப் போடும்போது செயின் யோசிக்க ஆரம்பித்தது. லிவர் கிளிக் ஆகும், நான்கு சுற்று மிதிப்பேன், சிக்னலில் எழுந்து நின்று அழுத்தும் நேரம் பார்த்து 'டங்' என்று விழும். கடைக்காரர் பார்த்துவிட்டு "டெரெய்லர் போச்சு சார்" என்றார். மாற்ற வேண்டாம் என்று சொன்னதும் H, L ஸ்க்ரூ இரண்டையும் திருகிக் கொடுத்தார். அந்த ஸ்க்ரூக்கள், செயின் இரண்டு ஓரத்தையும் தாண்டி விழாமல் தடுப்பதற்கு மட்டுமே. நடு கியர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. சிறிய பல்சக்கரத்துக்குப் போகும்போது டெரெய்லரைத் தள்ளுவது அதன் ஸ்பிரிங்தான், லிவர் கேபிளை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. அவுட்டருக்குள், அதாவது கேபிள் ஓடும் உறைக்குள், துரு பிடித்து கேபிள் சிக்கினால் ஸ்பிரிங் பாவம் என்ன செய்யும்? பெரிய பல்லுக்கு ஒழுங்காக ஏறி, சின்ன பல்லுக்கு இறங்கத் தயங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். ஒரு மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த கடையில் கேபிளை மாற்றினார்கள், ஆனால் பிரேக் அவுட்டரைப் போட்டு. 7 ஸ்பீடில் ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் இழுப்பது 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, அதற்கு டெரெய்லர் நகர்வது சுமார் 5 மில்லிமீட்டர். பிரேக் அவுட்டர் சுருள் கம்பி, இழுத்தால் அமுங்கும். அங்கே அரை மில்லிமீட்டர் போனால் செயின் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், அப்புறம் எந்த கியரும் நிற்காமல் கடகடவென்று சத்தம்தான் வரும். கடைசியில் 4 மில்லிமீட்டர் கியர் அவுட்டரும் உள்ளே ஓடும் ஸ்டெயின்லெஸ் கம்பியும் வாங்கி நானே போட்டேன், அதே டூர்னி டெரெய்லர் மறுநாளே கிளிக்குக்குக் கிளிக் விழுந்தது.

அதற்கப்புறம் ஷிஃப்டர். உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து பிசினாகி, லிவரைத் தள்ளினால் எதையும் பிடிக்காமல் சும்மா போய் வந்தது. ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டால் உயிர் வரும், சில மாதம் கழித்துத் திரும்பவும் அதே கதை. சரி, ஷிஃப்டரை மாற்றிவிடலாம் என்றால் பிரேக் லிவரும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது! நன்றாக இருந்த பிரேக் லிவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனி பிரேக் லிவரும் 7 ஸ்பீடு ஆல்டஸ் ஷிஃப்டரும் வாங்கினேன். இந்த ஒரு துண்டு ஏற்பாட்டை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஆனால் அந்த ஆல்டஸ் ஷிஃப்டர் இருக்கிறதே, கட்டைவிரலில் ஒரே அழுத்தில் இரண்டு, மூன்று பல் ஏறுகிறது. விலை உயர்ந்த சைக்கிளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு கிளிக்கிலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஏற்காடு ஏறியபோதுதான் மச்சான் சைக்கிளோடு உண்மையான வித்தியாசம் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். என்னுடைய கடைசி கியர் 28-க்கு 28, பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. அவருடையது 28-க்கு 32. கேட்கச் சின்னதாக இருக்கும், பாதி மலைக்கு மேல் முட்டிக்குத் தெரியும். கேசட்டில் பற்களின் பக்கத்தில் செயின் ஏறுவதற்குச் சரிவு வெட்டியிருப்பார்கள், அதனால் மிதித்துக்கொண்டே மாற்றினாலும் அவருக்கு விழுந்தது. என் ஃப்ரீவீலில் கம்பெனி பெயரே இல்லை, வெட்டும் இல்லை. நான் மிதியைத் தளர்த்தித்தான் மாற்ற வேண்டியிருந்தது. சமதரையில் பின்காற்று அடித்தால் என் 14 பல் தீர்ந்துவிடும், அவர் 11-ல் போய்க்கொண்டே இருப்பார்.

ஃப்ரீவீல் இருக்கிற சைக்கிளில் இன்னொரு தொல்லை, ஆக்ஸில், அதாவது பின்சக்கரத்தின் அச்சு. திருகி மாட்டும் ஃப்ரீவீலில் வலது பக்க பேரிங் ரொம்ப உள்ளே தள்ளி இருக்கும், ஆக்ஸிலின் நீளமான பகுதி தாங்கலே இல்லாமல் நிற்கும். நம் ஊர் வேகத்தடைகளில் அது வளையாமல் என்ன செய்யும்? எனக்கு வளைந்தது. கேசட் போடும் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) பேரிங் ஓரத்துக்கே வந்துவிடுவதால் இந்தத் தலைவலி குறைவு.

ஆகவே, டூர்னியை இவ்வளவு பாராட்டிய பிறகும், புதிதாக 3x7 வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். என்னுடையதை நான் விற்க மாட்டேன், அது வேறு விஷயம். 8 ஸ்பீடு கேசட்டுக்காகவும் தனி ஷிஃப்டருக்காகவும் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம், ஆல்டஸ் என்ற பெயருக்காகக் கொடுக்க வேண்டாம். படத்தில் டெரெய்லர் மட்டும் பளிச்சென்று தெரிந்து, ஃப்ரீவீலா கேசட்டா என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால் அந்த சைக்கிள் வேண்டாம். எதை வாங்கினாலும் கேபிள் மாற்றும்போது அவுட்டரின் வெட்டிய முனையைப் பாருங்கள். சுற்றிலும் நேரான மெல்லிய கம்பிகள் தெரிந்தால் கியர் அவுட்டர், பட்டையான சுருள் தெரிந்தால் பிரேக் அவுட்டர். சுருளைக் கியருக்குப் போட வந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.