திருவிழா ராத்திரிக்குக் கூத்தா, ஆர்கெஸ்ட்ராவா?

செய்யாறு, வந்தவாசி பக்கத்து ஊர்களில் பங்குனி பிறந்தால் ஊர்க்கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். வீட்டுக்கு வீடு எடுக்கும் தலைக்கட்டு வரி வசூலாகிவிட்டது, பணம் ஒரு ராத்திரிக்குத்தான் காணும். தெருக்கூத்து வைப்பதா, சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ரா வைப்பதா? பட்டிமன்றம் என்றும் யாராவது ஒருவர் சொல்வார், அது நிற்காது.

ஆர்கெஸ்ட்ராவுக்கு உள்ள நியாயத்தை மறைக்கக் கூடாது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் விழாவுக்கு வருவதே இரண்டு நாள்தான். கீபோர்டு, பேட், நாலு பாடகர்கள் என்று ஏழு மணிக்கு மேடை ஏறினால் தெரிந்த பாட்டு வரும், சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து ஆடும், பத்து மணிக்கு எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். சட்டத்துக்கும் அதுதான் தோது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். விடிய விடிய ஆடும் கூத்துக்கு இது பெரிய இடி.

ஆனால் அதே ஆர்கெஸ்ட்ரா அடுத்த வாரம் பக்கத்து ஊரில் அதே பாட்டைப் பாடும். நம் ஊரின் பெயர் அதில் ‘வணக்கம்’ சொல்லும்போது ஒரு தடவை வரும். கூத்து அப்படியில்லை. திரௌபதி அம்மன் கோயில் மகாபாரத விழாவில் பகலில் பிரசங்கியார் சொன்ன கதையைத்தான் ராத்திரி கூத்து ஆடும் களரியில் பார்க்கிறோம். பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி நம் தெருவிலேயே வரும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் படுகளத்தில், அதாவது துரியோதனன் விழும் காட்சியில், அவன் உருவத்தை மண்ணால் செய்து படுக்க வைப்பது நம் ஊர் ஆட்கள்தான். துகிலுரியும் இடத்தில் பல ஊர்களில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டுவார்கள், அந்த நேரம் வேஷக்காரர் வேஷக்காரராக இல்லை, அம்மன்.

போன வருஷம் வேஷம் கட்டும் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். கர்ணன் வேஷக்காரர் பாயில் சம்மணமிட்டு, கைக்கண்ணாடியைப் பார்த்துத் தானே அரிதாரம் பூசிக்கொண்டார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டைகளை ஒரு பையன் இழுத்துக் கட்டினான். கிரீடம் வைக்கும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பகலெல்லாம் வயலில் வேர்க்கடலை பிடுங்கிய கை அது. திரைக்குப் பின்னால் அவர் குரல் எடுத்தபோது தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பாட்டுக் கச்சேரியிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்த் தம்பிரான்களின் ஆட்டம் நாடக எழுத்தாளர் ந. முத்துசாமியை அப்படித்தான் பிடித்தது. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். காஞ்சிபுரம் பக்கம் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னால் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தது. ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த களரியில் அது பெரிய காரியம்.

ஆகவே என் ஓட்டு கூத்துக்குத்தான். வெளியூர்ப் பிள்ளைகள் முழு ராத்திரி உட்கார மாட்டார்கள் என்றால் ஜமாவிடம், அதாவது கூத்துக் குழுவிடம், பேசிக் கதையைச் சுருக்கச் சொல்லுங்கள், ஆறரைக்கே தொடங்கலாம். காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போது, முகவீணை என்கிற ஊதுகுழலுக்கு ஆள் இருக்கிறாரா என்று மறக்காமல் கேளுங்கள். ஆர்மோனியம் மட்டும் போதும் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சின்னக் குழல் வாசிக்கிறவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள், நாம் கேட்டுக் கூப்பிட்டால்தான் அடுத்த வருஷமும் வருவார்கள்.