தோல் மாதிரிப் பெட்டியும் ஒரு கிலோ மடிக்கணினியும்

ராணிப்பேட்டையில் பதனிட்ட தோலை விற்பது என் வேலை. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்களாவது காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவேன்; ஆண்டுக்குச் சில முறை கான்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் விமானப் பயணம் உண்டு. ஒரு கையில் தோல் மாதிரிகள் அடங்கிய பெட்டி எப்போதும் இருக்கும் என்பதால், தோளில் தொங்கும் மடிக்கணினி எவ்வளவு கனக்கிறது என்பதே நான் முதலில் பார்ப்பது.

2021-இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஒன்பதாம் தலைமுறையைச் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக 56,000 ரூபாய்க்கு வாங்கி, ஒன்றரை ஆண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். இதன் எடை 1.13 கிலோவிலிருந்து தொடங்குகிறது என்று நிறுவனம் சொல்கிறது. ரசாயனம் நிறுக்கும் எங்கள் தராசில் வைத்தபோது என்னுடையது 1.16 கிலோ காட்டியது. பயணிக்கு முக்கியமானது இந்த எண் அன்று. கணினியோடு சேர்த்து வேறு எவற்றையெல்லாம் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதே. பழைய கணினி, அதன் செங்கல் போன்ற சார்ஜர், கைப்பேசிக்குத் தனிச் சார்ஜர் என்று முன்பு நான் சுமந்தது மூன்று கிலோவைத் தாண்டியது. இதன் 65 வாட் டைப்-சி சார்ஜரே கைப்பேசிக்கும் போதுமானதாக இருப்பதாலும், முழு அளவு எச்டிஎம்ஐ துளையும் இரண்டு சாதாரண யுஎஸ்பி துளைகளும் கணினியிலேயே இருப்பதாலும், இப்போது எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோவில் முடிந்துவிடுகிறது. ஒரு கிலோவுக்கும் குறைந்த கணினியை வாங்கிவிட்டு, வாடிக்கையாளரின் புரொஜெக்டரோடு இணைப்பதற்காக மாற்றிகளைப் பை நிறையச் சுமக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு.

திரை 14 அங்குலம்; 16:10 விகிதம் என்பதால் வழக்கமான அகலத் திரையைவிட உயரம் சற்று அதிகம். சதுர அடிக் கணக்கும் விலைக் கணக்கும் நீண்டு போகும் எக்செல் தாளில் ஐந்தாறு வரிசைகள் கூடுதலாகத் தெரிவது ரயிலில் அமர்ந்து வேலை செய்பவருக்குப் பெரிய உதவி. பளபளப்பற்ற திரையாதலால் சன்னலோர இருக்கையிலும் படிக்க முடிகிறது. ஆனால், எவ்வளவு நல்ல திரையானாலும் அதில் தோலின் நிறத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். டான் நிறத்துக்கும் காக்னாக் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் தோல் துண்டுதான் தீர்மானிக்கும். பெட்டியின் கனம் அதனால்தான் குறையவே இல்லை.

பேட்டரியின் கொள்ளளவு 57 வாட்-மணி. பழையதாக வாங்கிய கணினி என்பதால் முழுக் கொள்ளளவு எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் மின்னஞ்சலும் எக்செலுமாக ஐந்தரை மணி நேரம் வருகிறது. காலையில் சென்னைக்குப் போய் மாலையில் திரும்ப அது போதும். விமானத்தில் 100 வாட்-மணிக்கு உட்பட்ட பேட்டரிகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்பதால் கணினிக்குச் சிக்கல் இல்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்கும் ஏறத்தாழ 74 வாட்-மணிதான், ஆனால் அதைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். கைப்பேசிக்கென வாங்கிய சாதாரண பவர் பேங்க் கணினியைச் சார்ஜ் செய்ய உதவாது. யுஎஸ்பி பவர் டெலிவரி (டைப்-சி வழியே கூடுதல் மின்சாரம் தரும் முறை) வழியாக 45 வாட்டாவது தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரேம் எனும் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னாளில் கூட்ட முடியாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம். கேமரா அட்டைக்குத் துளை இல்லை. தோலைப் படம் எடுத்து அனுப்பும் எங்களைப் போன்றவர்கள் ஒரு கார்டு ரீடரை வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில், மின்தடை நேரத்தில், வேலூரில் விசிறி இல்லாத அறையில் வேலை செய்தால் உள்ளிருக்கும் விசிறி சத்தமிடத் தொடங்கும். மெல்லிய கணினிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு அது.

பழையதாக வாங்குவோர் கடையிலேயே மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்தவை என்பதால் சிலவற்றில் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) கடவுச்சொல் நீக்கப்படாமலே இருக்கும். எனக்கு முதலில் காட்டியதே அப்படிப்பட்டதுதான். "அதெல்லாம் எடுத்துடலாம் சார்" என்றார் கடைக்காரர். எடுத்துக் காட்டச் சொன்னதும் வேறொன்றைக் கொண்டுவந்தார். அடுத்தது, விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்றாவது விசைப்பலகை: பவுண்டு குறியும் உயரமான என்டர் விசையும் இருந்தால் அது பிரிட்டனிலிருந்து வந்தது, பழகச் சில வாரங்களாகும். எட்டு ஜிபி ரேம் உள்ளதைச் சில ஆயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னாலும் 16 ஜிபி உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.