நல்லர்பார் சமவெளியில் ஒரு நாள் ஓட்டம்: கேரவன் இழுத்துச் செல்லும் நீண்டகால அனுபவம்

இரட்டை அச்சு கொண்ட 20 அடி கேரவன் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றை டீசல் யூட் வண்டியில் (பின்புறம் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) பூட்டி, நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற சாலைகளில் பயணம் செய்து வருகிறோம். கேரவன் வாங்கச் செல்பவர்களிடம் மெத்தையையும் குளியலறையையும் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஊர்களே இல்லாத ஒரு நெடுஞ்சாலையில் காலை முதல் பிற்பகல் வரை இழுத்துச் செல்லும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே தெற்கு ஆஸ்திரேலியாவையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் எயர் நெடுஞ்சாலையில், நல்லர்பார் ரோட்ஹவுஸிலிருந்து (எரிபொருளும் உணவும் தங்குமிடமும் தரும் சாலையோர நிலையம்) மேற்கே மடூரா வரை, ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தொலைவுள்ள ஒரு நாள் ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. '3,500 கிலோ இழுக்கும்' என்று விளம்பரப்படுத்தப்படும் யூட் வண்டிகள் பலவற்றில், வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு 6,000 கிலோ என்றால், 3,500 கிலோ கேரவனை இழுக்கும்போது யூட்டுக்கு எஞ்சுவது 2,500 கிலோதான். வெறும் வண்டியே 2,200 கிலோவுக்கு மேல் இருக்கும் நிலையில், இருவர் ஏறி, டீசல் நிரப்பி, கருவிப் பெட்டியையும் வைத்துவிட்டால் வரம்பு முடிந்துவிடும். எங்கள் கேரவனை முழுச் சுமையுடன் 2,500 கிலோவுக்குள் நிறுத்தியிருப்பது இதனால்தான். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ அளவுக்கு, யூட்டின் பின்னால் கேரவன் பூட்டப்படும் இணைப்புக் குண்டின் மீது அழுத்த வேண்டும். அது குறைந்து பின்பாரம் கூடினால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது யூட்டின் பிரேக்கை மிதிப்பது ஆட்டத்தை மோசமாக்கலாம். கைக்கெட்டும் இடத்திலுள்ள கன்ட்ரோலரை அழுத்திக் கேரவனின் மின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி மீண்டும் நேராகிவிடும். கன்ட்ரோலர் எங்கே பொருத்தப்பட வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டுத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் எடைக் கணக்கைச் சேர்ந்ததே. நல்லர்பார் சமவெளி சுமார் 2,00,000 சதுர கிலோமீட்டர் பரந்த சுண்ணாம்புப் பாறை. பெய்யும் சிறு மழையும் பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடிக் குகைகளுக்கு இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஆறு எதுவும் இல்லை. ரோட்ஹவுஸ்களில் குடிநீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது. ஆகவே சமவெளிக்குக் கிழக்கே உள்ள செடூனா ஊரிலேயே 95 லிட்டர் தொட்டிகள் இரண்டையும் நிரப்பிக்கொள்கிறோம்; அதுவே 190 கிலோ. எங்கள் கேரவனில் ஒரு தொட்டி அச்சுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் இருப்பதால், பின் தொட்டித் தண்ணீரையே முதலில் செலவிடுகிறோம். முன் தொட்டி முதலில் காலியானால் குண்டின் மீதான அழுத்தம் குறைந்துவிடும்.

பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகே கிளம்புகிறோம், ஏனெனில் கங்காருக்கள் சாலைக்கு வருவது அதிகாலையிலும் அந்தியிலும்தான். மேற்கு ஆஸ்திரேலிய எல்லை வரையிலான 190 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த சாலை பண்டா செங்குத்துப் பாறைகளை ஒட்டிச் செல்கிறது. காட்சி மேடைகளில் நின்றால் தென் பெருங்கடல் காலடியில் நெடுந்தொலைவுக்குத் தெரியும். அந்த அழகைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். ஓட்டுபவருக்கு அங்கே முக்கியமானது காற்று. எங்கள் வண்டி கேரவன் இல்லாமல் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 லிட்டர் டீசல் குடிக்கும். கேரவனுடன் 16 லிட்டர். மேற்கிலிருந்து பலமாக எதிர்காற்று வீசும் நாளில் 20 லிட்டரையும் தாண்டிவிடும். இருந்தாலும் இந்தச் சாலையில் அடுத்தடுத்த ரோட்ஹவுஸ்களுக்கு இடையே 200 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்பதால், தனியாக டீசல் கேன்களைச் சுமப்பது வீண் பாரம் என்றே சொல்வேன். மண் சாலையான கிரேட் சென்ட்ரல் சாலைக்குப் போவதென்றால் அந்தக் கேன்கள் தேவைப்படும். எயர் நெடுஞ்சாலையோ 1976-லேயே முழுவதும் தார் போட்டு முடிக்கப்பட்டுவிட்டது.

பல இழுவைப் பெட்டிகளைப் பூட்டிய, 36.5 மீட்டர் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரிகள் நம்மை முந்துவது, பழக்கமில்லாதவர்களுக்கு அச்சமூட்டும். யூஎச்எஃப் இருவழி வானொலியில் லாரி ஓட்டுநர்கள் பேசும் 40-ஆம் சேனலைத் திறந்து வைத்திருந்தால், பின்னால் வருபவரே முந்தப் போவதாகச் சொல்லிவிடுவார். அவர் முந்துவதற்காகப் பக்கத்துத் தடத்துக்கு மாறும் வரை வேகத்தையும் தடத்தையும் மாற்றாமல் இருந்து, அவர் மாறிய பின் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்துவதே அவருக்கு நாம் செய்யும் பேருதவி. நாங்கள் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தாவர நோய்த் தடுப்புச் சோதனை உண்டு. பழம், பச்சைக் காய்கறி, தேன் ஆகியவற்றை உள்ளே கொண்டு செல்ல முடியாது. நம் வீட்டுச் சமையலுக்கு அடிப்படையான கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் இதில் அடங்கும். என் மனைவி முந்தைய இரவே எஞ்சிய காய்களைக் கூட்டாகவோ சாம்பாராகவோ சமைத்துவிடுவார். வெந்த உணவை அங்கே ஒருபோதும் தடுத்ததில்லை. அந்த உணவைக் காப்பது குளிர்பெட்டியின் பொறுப்பு. எரிவாயு, 12 வோல்ட், 240 வோல்ட் என மூன்றிலும் இயங்கும் பழைய வகை, ஓடும்போது 12 வோல்ட்டில் கோடை வெப்பத்தைச் சமாளிக்காமல் திணறியது. அதை மாற்றி கம்ப்ரசர் குளிர்பெட்டியும், ஓடும்போதே பேட்டரியை நிரப்பும் டிசி சார்ஜரும் பொருத்தியதுதான் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்த மிகச் சிறந்த செலவு.

யூக்ளாவைத் தாண்டியதும் சாலை மேட்டு நிலத்திலிருந்து ரோ சமவெளிக்கு இறங்குகிறது. 1877-இல் திறக்கப்பட்ட யூக்ளா தந்தி நிலையத்தின் இடிபாடுகளை மணல்மேடுகளுக்கிடையே பார்க்க விரும்புவோர் கேரவனை ரோட்ஹவுஸிலேயே கழற்றி விட்டுச் செல்வது நல்லது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரங்களின் அழுத்தத்தைப் பார்க்கிறேன். காலையில் குளிர்ந்த நிலையில் வைத்த அழுத்தம், ஓடிய பின் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் கூடியிருந்தால் காலையில் காற்று போதவில்லை என்று பொருள். காற்று குறைந்த டயர்தான் நெளிந்து நெளிந்து அதிகம் சூடாகும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடுவது நேர்மாறான வைத்தியம்.

இப்பகுதி மக்கள் பின்பற்றும் நேரம் தெற்கு ஆஸ்திரேலியாவின் குளிர்கால நேரத்துக்கு 45 நிமிடம் பின்தங்கியது. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குள் மடூராவை அடைவது சிரமமில்லை. அதற்கு மேல் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வண்டியைக் கழற்றாமல் நேர்கோட்டில் நிறுத்தக்கூடிய இடத்தைக் கேட்டு வாங்கி, தாங்கு கால்களை மட்டும் இறக்கிவிடுகிறோம். மறுநாள் காய்குனா ரோட்ஹவுஸுக்கு அப்பால் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவும் இல்லாத சாலை காத்திருப்பதால், அதில் எந்தப் பாதியை யார் ஓட்டுவது என்பதையும் அன்று மாலையே பேசி முடித்துக்கொள்கிறோம்.