குடியை விட்டவருக்குக் காதில் ஊசியா, விதையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் என் அண்ணன் குலை வெட்டுகிறார். சம்சு என்னும் மலிவுச் சாராயத்தை விட்ட பிறகு தூக்கம் இல்லை, நெஞ்சில் ஒரே படபடப்பு. காது வைத்தியம் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, காதில் சில புள்ளிகளில் குத்தும் ஊசி, அங்கேயே ஒட்டி அழுத்தும் விதை இரண்டையும் பார்த்தோம். இப்போது விதையோடு நிற்கிறோம்.

அதற்கு முன் ஒன்று. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அந்தக் கட்டத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரிதான். காது வைத்தியம் அதற்குப் பிறகு.

ஊசியின் கதை 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் தொடங்குகிறது. டாக்டர் வென் என்பவர் வலிக்காக மின்சாரம் பாய்ச்சும் குத்தூசி வைத்தபோது, அபின் பழக்கமுள்ள நோயாளிகளுக்கு அதை விட்டதால் வரும் உபாதையும் குறைவதைக் கவனித்தார். நியூயார்க்கின் லிங்கன் ஆஸ்பத்திரியில் அது காதில் ஐந்து புள்ளி முறையாக உருவானது; புள்ளிகளின் பெயர்கள்: ஷென்மென், சிம்பதெட்டிக், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல். ஊசியோடு முப்பது, நாற்பத்தைந்து நிமிடம் நாலு பேரோடு சும்மா உட்கார வேண்டும். யாரும் எதையும் கேட்பதில்லை. வாய் திறக்காத அண்ணனுக்கு அது பிடித்தே இருந்தது.

ஆனால் ஊசி வைப்பவர் ஈப்போவில். சம்சு ஆசையோ வேலை முடிந்த சாயங்காலம் வருகிறது. சம்பள நாளில் இன்னும் மோசம். அந்த நேரத்தில் ஈப்போவுக்கு மோட்டாரை எடுக்க முடியுமா? என் முடிவு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. விதை காதிலேயே இருக்கிறது. கடுகுபோன்ற கறுப்பு விதை, சின்ன பிளாஸ்டரில் ஒட்டி அதே புள்ளிகளில் வைப்பது. ஆசை கிளம்பும்போது விரலால் அழுத்திப் பிடித்து மூச்சை இழுத்து விடுகிறார். கூட்டாளிகள் கூப்பிடும் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க, கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

பராமரிப்புதான் தொல்லை. செம்பனைக் காட்டு வேர்வைக்குப் பிளாஸ்டர் சீக்கிரம் கழன்றுவிடும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் மாற்ற வேண்டும்; மாற்றும்போது அடுத்த காதுக்குப் போனால் தோல் ஆறும். சிவந்தாலோ புண்ணானாலோ எடுத்துவிட வேண்டும். பட்டணத்துச் சின்சே (சீன வைத்தியர்) ஒருமுறை இடம் காட்டித் தந்தார். இப்போது அண்ணியே ஒட்டிவிடுகிறார். ஊசிக்கு ஒவ்வொரு முறையும் புது ஊசியா என்று பார்த்தால் போதும்.

இரண்டும் துணைதான், மருந்து அல்ல. அமெரிக்காவில் கொக்கைன் பழக்கமுள்ள 620 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், காது ஊசி போலி ஊசியைவிடவோ தளர்வுப் பயிற்சியைவிடவோ மேலாக இல்லை. விதைக்கு அதைவிடப் பலமான சான்று இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். நான் கண்டது தூக்கமும் படபடப்பும் கொஞ்சம் தணிந்ததைத்தான். அதுவும் சம்சு விட்ட ஒரே ஆளிடம். ஹெராயின் பழக்கமுள்ளவர் இதை நம்பி, அதற்கு மாற்றாகத் தரும் மெதடோன் மருந்தை நிறுத்தவே கூடாது. அண்ணனும் கிளினிக் தேதி எதையும் தவறவிடுவதில்லை.